சூளைக்கு மணி அடிக்காது

சிற்ப வகுப்புக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று ஒரு கல்லூரியில் கூப்பிட்டார்கள். சம்பளம் பாடவேளைக் கணக்கில். களிமண்ணைப் பிசைந்து காற்றுக்குமிழி எடுப்பதும் சூளையை அடுக்குவதும் யார் வேலை என்று கேட்டேன். "நீங்கள்தான் சார்." அந்த நேரத்துக்குச் சம்பளம்? சிரித்தார்கள்.

கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000க்கு மிகாமல் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வரையறுத்தது. கரும்பலகைப் பாடத்துக்கு அந்தக் கணக்கு சரி. சூளை ஆற ஓர் இரவாவது வேண்டும். பொறுக்காமல் திறந்தால் மாணவர்களின் மூன்று வார உழைப்பு படீரென்று வெடிக்கும்.

முனைவர் பட்டம் உண்டா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்கள். கொண்டுபோன சிற்பப் படங்களை ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சேர்கிறேன். என்ன செய்ய, சூளை நல்ல சூளை.