மேய்ச்சல் மாட்டு இறைச்சி

2025 ஆகஸ்ட் 8, வெள்ளி
போயா, பூரணை நாள், இறைச்சிக்கடை திறவாது எண்டதே மறந்துபோச்சு, மாங்குளம் வரைக்கும் பைக்கில போய் பூட்டின இறைச்சிக்கடையைப் பாத்திட்டு வந்தன். வாற வழியில அறுவடை முடிஞ்ச வயலுக்க ஊர் மாடுகள் மேஞ்சுகொண்டு நிண்டுது, பட்டிக்கார ஐயாவோட கொஞ்சநேரம் கதைச்சன். மாரி மழைக்குக் காலபோக நெல்லு விதைச்சா மாட்டை வயலுக்க விடேலாது, காட்டுப்பக்கம் சாய்ச்சுக்கொண்டு போகோணும், மேய்ச்சல் தரை எண்டு ஒழுங்கா ஒண்டு இல்லாம எங்க பிள்ளை கொண்டுபோறது எண்டு கேட்டார். எனக்கு மனசு சரியில்லாமப் போச்சு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
சேர்ச்சில பூசை முடிஞ்ச கையோட ரெண்டு கிலோ வாங்கினன். ஊருக்க அடிச்சுப் பிரிக்கிற ஆட்டுப் பங்கெண்டா யாற்ற பட்டி எண்டு ஊருக்கே தெரியும், மாட்டிறைச்சிக்குத்தான் எங்க மேஞ்சது எண்டு கேட்டுக் கேட்டு வாங்கவேண்டிக் கிடக்கு. கொழுப்பு நல்ல மஞ்சள். பக்கத்தில நிண்ட அக்கா கிழட்டு மாடு எண்டு வாங்காமலே போயிட்டா. கிழடுக்கும் மஞ்சளா வரும்தான், ஆனா பச்சைப்புல்லில இருக்கிற கரோட்டின்தான் கொழுப்பில சேர்ந்து அந்த நிறத்தைக் குடுக்கிறது, நான் அதைத் தேடித்தான் வாங்கிறனான்.

பின்னேரம் ஒரு கிலோவை அவசரத்தில பெரிய நெருப்பில காய்ச்சி, சவைக்கேலாமப் போச்சு. பிள்ளையள் குழம்பை மட்டும் தொட்டுச் சாப்பிட்டுதுகள், எனக்கு அழுகை வந்திட்டுது.

ஆகஸ்ட் 15, வெள்ளி
மடு மாதா கோயில் திருவிழா. சனமெண்டாச் சனம். சமையல் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி
மிச்ச ஒரு கிலோவை மாமி காய்ச்சினா. உப்பும் மஞ்சளும் பிரட்டி, அரைச்ச பப்பாசிக்காய் ஒரு கரண்டி, அதுவும் அரை மணித்தியாலம்தான், கூட வைச்சா இறைச்சி களியாப் போகும் எண்டா. மண்சட்டி, விறகடுப்பு, வெங்காயம், றம்பை இலை, வறுத்த மிளகாய்த்தூள், ரெண்டாம் தேங்காய்ப்பால். கொதிச்ச உடன கொள்ளியை வெளியில இழுத்துப்போட்டு தணல்ல விட்டிட்டா. நடந்து மேயிற மாட்டில கொழுப்பு குறைவு, நார் கூட, மெல்லிய சூட்டில கனநேரம் கிடந்தாத்தான் அந்த நார் கரைஞ்சு குழம்பு தடிக்கும். நான் அண்டைக்கு முக்கால் மணித்தியாலம் கூடப் பொறுக்கேல்ல, மாமி ரெண்டரை மணித்தியாலம் அடுப்படியிலயே இருந்தா. கடைசியா முதற்பால் விட்டு, பெருஞ்சீரகத்தூள் தூவி இறக்கினா.

கறியைக் கோப்பைக்கு மாத்தினாப் பிறகு சட்டியில ஒட்டியிருந்ததுக்க சோத்தைப் போட்டுப் பிரட்டி, பிள்ளையளைச் சுத்தி இருத்தி ஒவ்வொரு உருண்டையாக் குடுத்தா, எனக்கும் ஒண்டு.