பேப்பர் பாத்து ஜோடி போட்டா போதுமா?

எங்க வியாசர்பாடி பக்கம் இப்போ ராஜபாளையம் குட்டிக்கு இருக்கற மவுசு சொல்லி மாளாது. கொஞ்ச வருஷம் முன்னாடி எல்லாரும் ராட்வீலர் ராட்வீலர்னு அலைஞ்சாங்க, அதுக்கு முன்னாடி ஹஸ்கி (பனி நாட்டு நாய், அத எண்ணூர் வெயில்ல வளத்தாங்க, அத பத்தி தனியா ஒரு நாள் உக்காந்து திட்டணும்), இப்ப நாட்டு நாய் வச்சிருந்தாதான் கெத்து. சந்தோஷம்தான். ஆனா குட்டி வாங்க வர்றவங்க கேக்கற கேள்வி மொத்தமே மூணு. சுத்த வெள்ளையா, மூக்கு ரோஸா, பேப்பர் (இனச் சான்றிதழ்) இருக்கா. அவ்ளோதான். அந்த குட்டிக்கு காது கேக்குமான்னு ஒருத்தர் கேட்டு நான் பாத்ததில்ல.

ராஜபாளையத்துல செவிட்டுக் குட்டி பொறக்கறது நாய் வளக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, அவ்ளோதான். வெள்ளை அதிகமா இருக்கற இனங்கள்ல இது ஏன் வருதுன்னா, முடிக்கும் தோலுக்கும் நிறம் குடுக்கற செல்லு தாய் வயித்துல குட்டி உருவாகும்போது முதுகுத் தண்டு பக்கத்துல இருந்து கெளம்பி ஒடம்பு பூரா போகணும், அதுல ஒரு பங்கு உள்காதுக்கும் போகணும். அங்க போற செல்லு நிறத்துக்காக போகல, உள்காதுல இருக்கற தண்ணியோட உப்பு அளவ சரியா வச்சுக்கறதுக்காக போகுது. அது போய் சேரலன்னா காதுக்குள்ள சத்தத்த வாங்கற நரம்பு செல்லுங்க செத்துப் போயிடும், பொறந்து மூணு நாலு வாரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். அப்புறம் எந்த டாக்டரும் ஒண்ணும் பண்ண முடியாது.

டால்மேஷன்ல (ஒடம்பு பூரா புள்ளி வச்ச வெள்ளை நாய்) இத நெறைய ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. அமெரிக்காவுல எடுத்த கணக்குல கிட்டத்தட்ட 30 சதவீத டால்மேஷனுக்கு காது பிரச்சனை, அதாவது நூத்துல 22 நாய்க்கு ஒரு காது, 8 நாய்க்கு ரெண்டு காதும். இதுல எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. பொறக்கும்போதே காது மேலயோ தலையிலயோ பெரிய கருப்புத் திட்டோட வர்ற டால்மேஷன் குட்டிக்கு செவிடு வர்ற வாய்ப்பு கம்மி, ஏன்னா நிறச் செல்லு அங்க நல்லா போய் சேந்திருக்கு. ஆனா ஷோவுல திட்டு இருந்தா குறை, புள்ளி மட்டும்தான் இருக்கணும். அதனால காது நல்லா கேக்கற குட்டிய ஒதுக்கிட்டு திட்டு இல்லாததையே தலைமுறை தலைமுறையா ஜோடி போட்டாங்க. நம்ம ஊர்லயும் அதே கததான், காதோரம் லேசா பழுப்பு அடிச்சிருந்தா குட்டி வெல பாதியாயிடுது.

இங்க எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு அண்ணன் இருக்காரு. அடிப்படையில புறா ஆளு. மொட்டை மாடில ஹோமர் (எங்க விட்டாலும் வீடு திரும்பற பந்தயப் புறா) கூண்டு, காலையில எழுந்ததும் மேல போயிடுவாரு. நாயும் வச்சிருக்காரு, ரெண்டு ராஜபாளையம் பெட்டை. அவர் குட்டிக்கு காது பாக்கறத நேர்ல பாத்தா தெரியும் எவ்ளோ பொறுமை வேணும்னு. குட்டிங்க ஒண்ணா இருக்கும்போது பாக்கவே கூடாது, ஒண்ணு எழுந்தா அது அசையறதுலயே செவிட்டுக் குட்டியும் எழுந்துக்கும், நீங்க கேக்குதுன்னு நெனச்சுக்குவீங்க. அஞ்சு வாரம் தாண்டின குட்டிய தனித்தனியா இன்னொரு ரூமுக்கு தூக்கிட்டு போய் கோணி மேல போட்டு, அது நல்லா தூங்கற வரைக்கும் உக்காந்திருப்பாரு. அப்புறம் பின்பக்கம் போய் சாவிக்கொத்த ஒரு தடவ குலுக்குவாரு. தட்ட தரையில போட மாட்டாரு, அதிர்வுல எழுந்துடும். கைதட்ட மாட்டாரு, காத்து மூஞ்சில படும். குட்டியோட காது மடல் லேசா துடிக்குதா, கண்ணு தொறக்குதா, எந்தப் பக்கம் திரும்புது, இதத்தான் பாப்பாரு. சத்தம் வந்த பக்கம் விட்டுட்டு எதிர்ப்பக்கம் திரும்பினா ஒரு காது மேல சந்தேகம்.

ஆனா ஒரு காது மட்டும் போன குட்டிய வீட்டுல கண்டுபிடிக்கறது ரொம்ப கஷ்டம், அது சாதாரண நாய் மாதிரியே வளரும். பேயர் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, தலையில மெல்லிசு ஊசி வச்சு ஒவ்வொரு காதுலயும் தனித்தனியா டிக் டிக்னு சத்தம் விட்டு மூளைக்கு சிக்னல் போகுதான்னு கம்ப்யூட்டர்ல பாப்பாங்க. அதுலதான் தெளிவா தெரியும். ஒரு காது கேக்காத நாய் வீட்டுல வளர ஒண்ணும் பிரச்சனையில்ல, ஜோடி போட மட்டும் எடுத்துக்கக் கூடாது.

சரி, ரத்தம் எடுத்து டிஎன்ஏ டெஸ்ட் பண்ணிட்டா முடிஞ்சிடாதான்னு கேப்பீங்க. சில வியாதிக்கு முடியும். ஒரே ஒரு ஜீன்ல கோளாறுன்னா டெஸ்ட்டு கரெக்டா சொல்லிடும். லாப்ரடாருக்கு கண்ணு போற வியாதி ஒண்ணு அப்படித்தான், கோலி நாய்க்கு ஐவர்மெக்டின்ங்கற பூச்சி மருந்து ஆகாம போறதும் அப்படித்தான். இந்த வெள்ளை நாய் செவிடுக்கு அந்த மாதிரி நேரடியா ஆமா இல்லன்னு சொல்ற டெஸ்ட் கெடையாது, பல ஜீன் சேந்து பண்ற வேலை. அப்பா அம்மா ரெண்டுக்கும் காது நல்லா கேட்டாலும் குட்டிக்கு கேக்காம போலாம். இடுப்பு மூட்டு பிரச்சனையும் இப்படித்தான், எக்ஸ்ரே எடுத்துதான் பாக்கணும், அமெரிக்காவுல மூட்டுக்கு சர்டிபிகேட் குடுக்கறவங்க ரெண்டு வயசு முடிஞ்சாதான் கடைசி முடிவு சொல்லுவாங்க. நம்மாளு ரெண்டாவது ஹீட்டுக்கே (பெட்டை இணை சேர்ற பருவம்) மேட்டிங் விட்டுடுவாரு, ரெண்டு வயசுல அந்த பெட்டை ரெண்டாவது ஈத்து போட்டுட்டு இருக்கும்.

இதுல நம்ம ஆளுங்க பெருசா ஏமாந்து போற இடம் "நாலுல ஒண்ணு" கணக்கு. ஒரு கோளாற அப்பா நாயும் அம்மா நாயும் மறைவா சுமந்துட்டு இருந்தா குட்டில நாலுல ஒண்ணுக்கு அது வெளிய வரும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அது ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியா விழற வாய்ப்பு, ஈத்துக்கு ஈத்து எண்ணி வச்சு வராது. எட்டு குட்டி போட்டு எட்டும் நல்லா இருக்க பத்து சதவீதம் வாய்ப்பு இருக்கு, கால்குலேட்டர்ல 0.75 ஐ எட்டு தடவ பெருக்கிப் பாருங்க. நாலே குட்டின்னா 30 சதவீதத்துக்கும் மேல. அப்போ "என் கடுவன் போட்ட ஈத்து எல்லாம் கிளீன், வந்து பாத்துக்கோ"ன்னு ஒருத்தர் ஒரு ஈத்த காட்டி சொன்னா அதுக்கு ஒரு மதிப்பும் இல்ல. பத்து பன்னெண்டு ஈத்து, வேற வேற பெட்டையோட, அதுல செத்தது எத்தனை, குறையோட பொறந்தது எத்தனைன்னு எழுதி வச்சிருந்தா அதுக்கு மதிப்பு இருக்கு.

புறா அண்ணன் கிட்ட அந்த நோட்டு இருக்கு. ரிங் நம்பர் போட்டு புறாவுக்கு எழுதற பழக்கம் அப்படியே நாய்க்கும் வந்துடுச்சு. தேதி, தாய், தகப்பன், எத்தனை குட்டி, எது எந்த வாரம் செத்துது, எது பால் குடிக்கல, எதுக்கு காதுல சந்தேகம், வித்ததுக்கு அப்புறம் வாங்கினவங்களுக்கு போன் போட்டு கேட்டது, எல்லாம் இருக்கும். நான் ஒரு தடவ எதுக்குண்ணா செத்தத எல்லாம் எழுதறீங்கன்னு கேட்டேன். "ஜெயிச்ச புறாவ எல்லாரும் எழுதுவான்பா, ஊடு திரும்பாத புறாவ எவன் எழுதறான்? அதுல தான் விஷயமே கீது"ன்னாரு. மரபியல் படிச்சவங்க ரொம்ப நீட்டி சொல்றதும் இதேதான்.

கண்ணால பாத்தே எல்லாத்தையும் சொல்லிடுவேன்னு நிக்கறவங்களும் இருக்காங்க, அவங்க கத வேற. கொடுங்கையூர்ல ஒரு பையன், அப்பா அம்மா ரெண்டுமே மான் கலர் சிப்பிப்பாறை நாய், ஈத்துல ரெண்டு குட்டி கருப்புல பழுப்பு புள்ளி வச்சு கன்னி இன நாய் மாதிரி வந்துடுச்சு. அவ்ளோதான், கடுவன் வச்சிருந்தவர் வீட்டு வாசல்ல போய் ஒரே சண்டை, வேற நாய விட்டுட்ட, இல்ல தெரு நாய் ஏறிடுச்சுன்னு. கூட்டம் கூடி நியாயம் பேசினாங்க. நாய்ங்கள்ல அந்த கருப்பு-பழுப்பு நிறம் மான் கலருக்கு அடியில மறைஞ்சு நிக்கும், ரெண்டு பக்கமும் மறைவா இருந்தா தாராளமா வெளிய வரும். பெட்டை ஒரே ஹீட்டுல ரெண்டு கடுவனோட சேந்து ஒரே ஈத்துல ரெண்டு அப்பன் குட்டி போடறதும் நடக்கற விஷயம்தான், இல்லன்னு சொல்லல. டிஎன்ஏ எடுத்தா தெரிஞ்சிடும், ஆனா சண்ட போட ஆளு இருக்கும்போது டிஎன்ஏ எதுக்கு.

இப்ப பெரிய தலைவலி ஒரே கடுவன் பின்னாடி எல்லாரும் ஓடறது. ஒரு நாய் ஷோவுல கப்பு வாங்கிட்டா போதும், பெரம்பூர்ல இருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் இருக்கற பெட்டை எல்லாம் அதுகிட்டதான் போகும். கடுவன்காரருக்கு ஃபீஸு, இல்லன்னா ஈத்துல முதல் குட்டி. மூணு வருஷத்துல ஏரியா நாய் பூரா அண்ணன் தங்கச்சி. அப்புறம் நல்ல ஜோடி தேடறேன்னு போனா எங்க போனாலும் அதே தாத்தா. அப்பா ஒண்ணு, அம்மா வேறயா இருக்கற ரெண்ட சேத்தா நெருக்கக் கணக்கு 12.5 சதவீதம், அப்பனையும் மகளையும் சேத்தா 25. அதாவது குட்டிக்கு கெடைக்கற ஜீன் ஜோடில அத்தனை பங்கு ஒரே முன்னோர் கிட்ட இருந்து ரெண்டு பக்கமும் வந்திருக்க வாய்ப்பு. (தாய்மாமன கட்டிக்கறதுக்கும் கணக்கு அதே 12.5 தான், இத எங்க வீட்டு பெருசுங்க கிட்ட சொல்லி நல்லா வாங்கி கட்டிக்கிட்டேன்.) கேட்டா "லைன் பிரீடிங்பா (சொந்தத்துக்குள்ளயே ஜோடி போடறது), அப்பதான் ரத்தம் செட் ஆகும்"னுவாங்க. செட் ஆகும்தான், யார் இல்லன்னா? தலை, நெஞ்சு, கால் செட் ஆகற மாதிரியே மறைஞ்சிருந்த கோளாறும் சேந்து செட் ஆகும். ஈத்துல குட்டி எண்ணிக்கை கொறையறது, ஒரு வாரத்துல காரணம் தெரியாம சாகறது எல்லாம் அங்க இருந்துதான் ஆரம்பிக்கும், நம்மாளு பார்வோ வைரஸ் காய்ச்சல் மேல பழிய போட்டுடுவாரு.

அதுக்காக கோளாறு சுமக்கற நாய் எல்லாத்தையும் ஒதுக்கிடணும்னும் இல்ல, இங்கதான் நெட்டுல அரைகுறையா படிச்சவங்க தப்பு பண்றாங்க. ஒரு ஜீன் வியாதின்னா, சுமக்கற நாய சுத்தமான நாயோட சேத்தா ஒரு குட்டிக்கும் வியாதி வராது, சராசரியா பாதி குட்டி சுமக்கும், அடுத்த தலைமுறைல டெஸ்ட் பண்ணி சுத்தமானத எடுத்துக்கலாம். ஏற்கனவே நாய் எண்ணிக்கை கம்மியா இருக்கற நம்ம இனங்கள்ல ரிப்போர்ட்ல ஒரு சிவப்பு கோடு பாத்ததும் நல்ல குணம் நல்ல ஒடம்பு உள்ள நாய தூக்கிப் போட்டா மிச்சம் என்ன இருக்கும்?

டால்மேஷன்ல நடந்தத திருப்பி பாருங்க. அந்த இனம் முழுக்க யூரிக் ஆசிட் பிரச்சனை, மூத்திரத்துல கல்லு வரும். இனத்துக்குள்ளயே நல்ல ஜீன் இல்ல, எல்லாமே ரெண்டு பக்கமும் கெட்டது, அப்போ உள்ளுக்குள்ளயே எத்தன திறமையா ஜோடி போட்டாலும் பிரயோஜனம் இல்ல. ராபர்ட் ஷைபிள்னு ஒரு மரபியல்காரர் 1973ல ஒரே ஒரு தடவ பாயின்டர் நாயோட சேத்தாரு, அப்புறம் தலைமுறை தலைமுறையா திரும்ப டால்மேஷனோடயே ஜோடி போட்டு அந்த நல்ல ஜீன் மட்டும் தங்கற மாதிரி பாத்துக்கிட்டாரு. 1981ல அமெரிக்க கென்னல் கிளப் ரெண்டு நாய பதிவு பண்ணுச்சு, உடனே டால்மேஷன் கிளப்காரங்க ரத்தம் கெட்டுப் போச்சுன்னு எதிர்த்து நிறுத்திட்டாங்க. திரும்ப கதவு தொறக்க 2011 ஆச்சு. முப்பது வருஷம், பாத்தா வித்தியாசமே தெரியாத ஒரு நாய்க்கு.

குணத்துக்கும் இதே மாதிரிதான், ராட்வீலர்னா கடிக்கும் லாப்னா கொஞ்சும்னு ஒரு முடிவோட பேசறாங்க. 2022ல 18,000க்கு மேல நாய்ங்கள வச்சு வந்த ஆராய்ச்சில நாய்க்கு நாய் இருக்கற குண வித்தியாசத்துல இனத்தால வர்றது சுமார் 9 சதவீதம்தான்னு சொன்னாங்க. அப்போ தாய் நாய் எப்படி இருக்குன்னு போய் பாக்கறது எவ்ளோ முக்கியம்? கட்டிப் போட்டு நாள் பூரா குலைக்கற பெட்டைய "இது வேற, குட்டி நல்லா வரும்"னு சொல்லி விக்கறவர் கிட்ட வாங்காதீங்க.

சட்டமும் இருக்கு, 2017ல வந்த விதிப்படி நாய் வளத்து விக்கறவங்க மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும், எட்டு வாரத்துக்குள்ள குட்டிய விக்கக் கூடாது, பதினெட்டு மாசம் ஆகாத பெட்டைய ஜோடி போடக் கூடாது. ஞாயித்துக்கிழமை சந்தையில அட்டைப்பெட்டில கண்ணு சரியா தொறக்காத குட்டிங்க கெடக்கறத பாத்தா இதெல்லாம் யாருக்கு எழுதினாங்களோன்னு தோணும்.

அண்ணனோட மூத்த பெட்டை போன ஈத்துல ஒரு செவிட்டுக் குட்டி போட்டுச்சு. அத யாருக்கும் விக்கல, அவங்க வீட்லயே இருக்கு, கைய ஆட்டினா ஓடி வரும். அதே கடுவனுக்கு மறுபடியும் விடுன்னு ரெண்டு பேர் முன்பணத்தோட வந்தாங்க, மாட்டேன்னுட்டாரு. சின்னவளுக்கு ராஜபாளையம் ஊர்லயே சம்பந்தம் இல்லாத லைன்ல ஒரு கடுவன் பாத்து வச்சிருக்காரு, லேசா காதுல பழுப்பு உள்ளது, பாக்க மத்தவங்களுக்கு புடிக்காது. அந்த கடுவனோட இதுவரைக்கும் போட்ட ஈத்து கணக்க வாட்ஸ்அப்ல கேட்டிருக்காரு. அவங்க கப்பு வாங்கின போட்டோ மட்டும் அனுப்பறாங்க, இவரு மறுபடியும் கணக்கு கேட்டு மெசேஜ் போடறாரு. வரலன்னா இந்த ஹீட்டு சும்மா விட்டுடறதா இருக்காரு.