224.5 எங்கிருந்து வந்தது: பழைய ஐடிஇ டிஸ்க்கும் ஃபைபர் கணக்கும்

ஒருவழியாக இடித்துக்கொண்டிருந்த கணக்கு நேராகிவிட்டது. மூன்று ராத்திரித் தூக்கத்தைத் தின்றது வினாடிக்கு 19.7 மெகாபிட் வித்தியாசம்: டிஸ்க் தந்தது 204.8, ஒயரில் ஓடியது 224.5. டிஸ்க் தருவதைவிட அதிகமாக ஒயரில் ஓடுகிறது என்றால் யாருக்குத் தூக்கம் வரும்?

கீழ் அறையில் பென்டியம் 3 பெட்டி, அதில் 20 ஜிபி ஐடிஇ (பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) டிஸ்க், பிசிஐ ஸ்லாட்டில் கிகாபிட் கார்டு. அங்கிருந்து மீடியா கன்வெர்ட்டர் (செம்பு ஒயரின் சிக்னலை ஒளியாக மாற்றும் பெட்டி), மாடி வரை ஒற்றை இழை ஃபைபர், மேலே இன்னொரு கன்வெர்ட்டர், புது மெஷின். டிஸ்க்கை நெட்கேட் (நெட்வொர்க்கில் பைட்டுகளை அப்படியே தள்ளும் நிரல்) வழியாக அப்படியே மேலே கொட்டுவதுதான் வேலை. பழைய டிஸ்க் இன்டர்ஃபேஸ் ஒவ்வொன்றும் எந்த ஃபைபர் லைனை நிரப்பும் என்று ஒரு அட்டவணை போட்டு வருகிறேன். அதைச் சரிபார்க்கத்தான் இத்தனையும்.

டிஸ்க்குக்கான 80 கம்பி கேபிளுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் அலைந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். 40 கம்பி போட்டால் யூடிஎம்ஏ (ஐடிஇ டிஸ்க்கின் வேகமான பரிமாற்ற முறை) மோட் 2, அதாவது வினாடிக்கு 33 மெகாபைட்டுக்கு மேல் ஏறாது. "அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சு தம்பி" என்றார்கள் நாலு கடையில். ஐந்தாவது கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு, "இருந்தா எடுத்துக்கோ" என்றார். இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் டிஸ்க்கே 27-ஐத் தாண்டவில்லை! 33-க்கான கேபிளே போதுமாக இருந்திருக்கும்.

சரி, கணக்கு. டிஸ்க் வேகத்தை அளக்கும் எச்டிபார்ம் நிரல் காட்டியது வினாடிக்கு 25.60 மெகாபைட். எட்டால் பெருக்கினேன், 204.8 மெகாபிட். டிஸ்க்கின் முதல் ஒரு ஜிபியை மேலே அனுப்பி, வாங்கும் பக்கத்து பைட் கவுண்டரை வினாடியால் வகுத்தால் 224.5. கவுண்டர் பொய் சொல்கிறது என்று முதல் ராத்திரி போனது. கார்டு டிரைவரை மாற்றியதில் இரண்டாவது.

மூன்றாவது ராத்திரி அதே ஒரு ஜிபியை டிடி-யில் (டிஸ்க்கை நகலெடுக்கும் நிரல்) படித்தேன். அது 26.8 என்றது. ஒரே டிஸ்க், ஒரே இடம், இரண்டு கருவி, இரண்டு எண். வகுத்துப் பார்த்தால் 1.047. அப்போதுதான் 1048576 பொறிதட்டியது. எச்டிபார்முக்கு ஒரு மெகாபைட் என்றால் 1024 × 1024. டிடி-க்குப் பத்து லட்சம். நெட்வொர்க்காரர்களுக்கு எப்போதுமே பத்து லட்சம்தான். 25.6-ஐ 1.048576-ஆல் பெருக்கி எட்டால் பெருக்க, 214.7. பாதித் திருட்டு பிடிபட்டது.

மீதியைத் தின்றது தலைப்புகள், அதாவது ஒவ்வொரு பொட்டலத்தின் முன்னும் ஒட்டும் முகவரி விவரங்கள் (ஹெடர்). ஒரு பொட்டலத்தில் 1448 பைட் சரக்குக்கு டிசிபி, ஐபி சேர்த்து 52, ஈதர்நெட் தலைப்பு 14, மொத்தம் 1514. 214.7 × 1514 ÷ 1448 = 224.5. புள்ளிக்குப் புள்ளி! இரண்டு திருடர்களும் ஏறக்குறையச் சமபங்கு எடுத்திருக்கிறார்கள், 9.9-ம் 9.8-ம். கவுண்டர் கண்ணில் படாத இன்னொரு 24 பைட்டையும் (முன்குறி, செக்சம், இடைவெளி) சேர்த்தால் இழையில் உண்மையில் ஓடியது 228.

இந்தக் களேபரத்தில் அட்டவணையில் இன்னொரு பிழையும் அகப்பட்டது. எஸ்எஃப்பி (கன்வெர்ட்டரில் செருகும், இழையில் ஒளி அனுப்பும் துண்டு) லேபிளில் 1.25ஜி என்றிருக்கும். அதை எட்டால் வகுத்து 156 மெகாபைட் என்று பெருமையாக எழுதி வைத்திருந்தேன். அது இழையில் கண்சிமிட்டும் வேகம். எட்டு பிட்டைப் பத்தாக்கி அனுப்புவதால் பத்தால்தான் வகுக்க வேண்டும், 125. ஐடிஇ-க்கு அடுத்து வந்த டிஸ்க் இணைப்பான சாட்டாவின் முதல் தலைமுறை 1.5ஜி-யும் அதே ஜாதி, அதனால் 150. ஆனால் ஓசி-3 என்கிற தொலைபேசி நிறுவன ஃபைபர் லைனின் 155.52 மெகாபிட் அப்படியில்லை. அங்கே எட்டுக்குப் பத்து கிடையாது, எட்டால் வகுக்கலாம், 19.44 வரும். அதிலும் ஏமாறக் கூடாது. அங்கே பைட்டுகள் 270 பத்தி கொண்ட சட்டகங்களாகப் போகும், அதில் 10 பத்தி லைனின் சொந்தச் செலவு, சரக்குக்கு மிஞ்சுவது 149.76 மெகாபிட், 18.72 மெகாபைட்.

ஆக, பிஐஓ (யூடிஎம்ஏ-வுக்கு முந்தைய ஐடிஇ முறை) மோட் 4-ன் 16.7 மெகாபைட் ஓசி-3-க்குள் அடங்கும். யூடிஎம்ஏ 33-க்கு அதைப்போல நாலு மடங்கான ஓசி-12 வேண்டும். யூடிஎம்ஏ 100-க்கு அதுவும் போதாது, அதற்கும் நாலு மடங்கான ஓசி-48-க்குத் தாவ வேண்டும். என் டிஸ்க்கோ வெளிவட்டத்தில் ஓசி-3-ஐ நிரப்பி வழிகிறது, உள்வட்டத்துக்குப் போகப்போக 14-க்கு இறங்கிச் சமர்த்தாக உட்கார்ந்துகொள்கிறது. அட்டவணையில் எதைப் போடுவது? இப்போதைக்கு இரண்டையும் போட்டிருக்கிறேன், பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், வீட்டுச் சுவரில் தொங்கும் ஜிபான் (வீட்டு ஃபைபர் இன்டர்நெட்) பெட்டியின் இறக்க வேகம் 2488.32 மெகாபிட். அச்சு அசல் ஓசி-48 எண். ஓசி லைன்களின் அந்தப் பழைய 125 மைக்ரோவினாடிச் சட்டகமும் அங்கே அப்படியே இருக்கிறது.

எஸ்எஃப்பி ஆன்லைனில் வாங்குவோர் கவனிக்க: ஒற்றை இழைக்கு ஒன்று 1310 நானோமீட்டர் ஒளியில் அனுப்ப வேண்டும், மற்றது 1550-ல். எனக்கு வந்தது இரண்டும் 1310. லிங்க் விளக்கு எரியாமல் ஒரு வாரம் இழையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாற்றித் தர இன்னும் பத்து நாள்.

அட்டவணையில் ஸ்கஸி (சர்வர்களில் இருந்த இன்னொரு பழைய டிஸ்க் இன்டர்ஃபேஸ்) வரிசை காலியாக இருக்கிறது. அல்ட்ரா வைடு டிஸ்க் ஒன்று கையில் உண்டு, ஏட்டில் 40 மெகாபைட். 68 முள் கேபிளும் கிடைத்துவிட்டது. கேபிளின் கடைசி முனையில் மாட்டும் டெர்மினேட்டர்தான் அந்த அட்டைப்பெட்டியிலும் இல்லை.