மணிக்கு முன் ஓர் அட்டை

இன்று நண்பகல் காரைக்குடியில் எங்கள் தெரு அங்கன்வாடியில், சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே, ஆசிரியை ஓர் அட்டையை எடுத்து ஆட்டிசம் உள்ள நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் கண் மட்டத்தில் பிடித்தார்.

அட்டையில் ஒரு சோற்றுத் தட்டு.

அவன் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு பூவின் விளிம்பைச் சுட்டுவிரலால் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். மணி திடீரென ஒலித்தால் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுவான். விரல் அந்தப் பூவைச் சுற்றி முடிக்கும் வரை ஆசிரியை காத்திருந்தார்.

அட்டையைப் பார்த்தான். எழுந்தான். தானே போய்த் தட்டை எடுத்து வந்தான்.

"முந்தி ஒரு பள்ளிக்கூடத்துல, பேச ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாக ஆத்தா" என்றார் வாசலில் நின்ற அவனுடைய அப்பத்தா.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. பிள்ளைகளோடு பிள்ளையாக இருக்கும்போதுதானே பேச்சுக்கான தேவையே பிறக்கிறது? அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் இத்தகைய குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, அவர்களுக்கு ஏற்ற வசதியும் செய்து தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்கிறது. ஆட்டிசம் உட்பட 21 வகைக் குறைபாடுகள் அதில் இடம்பெற்றுள்ளன. வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் குடும்பங்களுக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?

கை கழுவும் குழாய், உறங்கும் பாய், வீட்டுக்குப் போகும் செருப்பு என இன்னும் மூன்று அட்டைகள் தேவையாம். இன்றிரவு வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.