கொல்லிமலையிலிருந்து கோர்ஸ் ஒர்க்

கல்வியியலில் பிஎச்.டி. சேர்ந்ததும், கோர்ஸ் ஒர்க்கில் (பிஎச்.டி.யில் முடிக்க வேண்டிய பாடங்கள்) ஒரு பகுதியை மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் முடிக்கலாம் என்று எங்கள் ஆய்வுக் குழு சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளில் இதற்கு இடமிருக்கிறது; மொத்தம் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும். கொல்லிமலையில் மரவள்ளிக் காட்டையும் பார்த்துக்கொண்டு படிக்கிறவன் நான். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தினம் இறங்கி ஏறி வகுப்புக்குப் போக முடியாது.

ஐஐடிகளின் என்பிடெல் திட்டம் அந்தத் தளத்தில் நடத்தும் ஆய்வு முறையியல் பாடத்தை எடுத்தேன், 12 வாரம். சேருவது இலவசம். தேர்வுக்கு 1000 ரூபாய், எஸ்டி மாணவர்களுக்குப் பாதி. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) கொடுத்த சாதிச் சான்றிதழை முதலிலேயே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் சிக்னலை நம்ப முடியாது. செம்மேட்டுக்குப் போகும்போது அந்த வார வீடியோக்களை இறக்கிவைத்து, ராத்திரி பார்ப்பேன். 12 அசைன்மென்ட்டில் நன்றாகச் செய்த 8 மட்டுமே கணக்கில் வரும்; அதற்கு 25 மதிப்பெண். மழையில் கரண்ட் போய் ஒரு வாரம் விட்டுப்போனாலும் அந்த 25 மதிப்பெண்ணுக்குப் பெரிய சேதமில்லை. மீதி 75 தேர்வு மையத்தில் எழுதுவது. சேலத்தில் மையம் கேட்டு வாங்கி, முந்தைய நாளே போய் நண்பன் அறையில் தங்கிவிட்டேன்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். பாடம் புரிய வேண்டுமே! அதற்குக் கை கொடுத்தது கொல்லிமலைப் பழங்குடிகளான எங்கள் மலையாளி சமூகத்து சீனியர் அக்கா ஒருவர். பழங்குடி ஆய்வு மாணவர்களுக்காக வாட்ஸப் குழு நடத்துகிறார். சிக்னல் கிடைக்கிறபோது கேட்டுக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ஆடியோவாகவே அனுப்புவார். புள்ளியியலில் வரும் முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என் மண்டையில் ஏறவே இல்லை. அக்கா சொன்னார்: "பாரு தம்பி, நாய் குரைச்சதும் காட்டுப்பன்னி வந்துருச்சுன்னு டார்ச் எடுத்துட்டு ஓடுற. அங்க ஒண்ணுமே இல்ல. அது முதல் வகை. பன்னி நெசமாவே கிழங்கைத் தோண்டுது, நீ ஒண்ணுமில்லன்னு தூங்கிட்ட. அது ரெண்டாவது." அப்புறம் அந்தக் கேள்வியில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை.

தன் ஆய்வேட்டை எழுதிக்கொண்டே அக்கா இதைச் செய்கிறார், ஒரு பைசா வாங்குவதில்லை. பல்கலைக்கழகங்கள் இப்படிப்பட்டவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வழிகாட்டியாக வைக்க வேண்டும்.

அப்புறம், சேருவதற்கு முன்பே ஆய்வுக் குழுவின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்கள் வாட்ஸப் குழுவில் இருக்கும் ஒரு தங்கை தேர்ச்சி பெற்ற பிறகு, அவள் எடுத்த பாடம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த பருவத்தில் அவள் வேறு பாடம் எடுத்து முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.