பாடு என்ற ஒரு சொல்

"அந்த மாசம் முழுக்கப் பாடே இல்ல, மக்களே" என்று கன்னியாகுமரிக் கடற்கரைப் பெரியவர் ஒருவர் ஒலிப்பதிவில் சொல்லியிருந்தார். நான் அதைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்துவிட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் எழுத வேண்டிய சுருக்கக் குறிப்பில், 'அந்த மாதம் சிரமமின்றிக் கழிந்ததாகக் கூறுகிறார்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, அந்தப் பதிவைக் களத்தில் எடுத்த பெண் தொலைபேசியில் அழைத்தார். "பாடுன்னா மீன்பாடுங்க. வலையில மீனே படலன்னு சொல்றார். அந்த மாசம் அவங்க வீட்டுல அடுப்பே சரியா எரியல" என்றார். அடுத்த வரியிலேயே மனைவியின் கம்மலை அடகு வைத்ததைப் பற்றிப் பெரியவர் பேசியிருந்தார். அதை நான் வேறொரு சமயத்துக் கதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

மீனவர்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் ஒரு திட்டத்துக்காக, சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியறையில் அமர்ந்து ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குவது என் வேலையாக இருந்தது. கடல் எனக்கு இருநூறு கிலோமீட்டர் தொலைவு. வாழ்நாளில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இரண்டுமே பள்ளிச் சுற்றுலா. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறேழு மணி நேரம் பிடிக்கும். பேச்சின் பின்னால் காற்றும் அலையும் இரைந்துகொண்டே இருக்கும். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் மின்விசிறியின் ஓசை அலை போலவே கேட்கும்.

தொடக்கத்தில் எங்களுக்குத் தரப்பட்ட விதிகளில் ஒன்று, வட்டாரச் சொற்களைப் 'பொதுவான' சொற்களாக மாற்ற வேண்டும் என்பது. சென்னைப் பக்கம் வஞ்சிரம் எனப்படும் மீனை இராமநாதபுரத்துக்காரர் சீலா என்பார், குமரிக்காரர் நெய்மீன் என்பார்; மூன்றையும் வஞ்சிரம் என்றே எழுதச் சொன்னார்கள். கானாங்கெளுத்தியும் அயிலையும் ஒரே மீன், மத்தியும் சாளையும் ஒரே மீன் என்பதெல்லாம் சரிதான். ஆனால், யார் எந்தக் கரையில் நின்று பேசுகிறார் என்பதற்கு அந்தப் பெயரைவிட நல்ல சான்று வேறில்லை என்பதைப் 'பாடு' நிகழ்ச்சிக்குப் பிறகே உணர்ந்தேன். காற்றுக்கும் இப்படித்தான். வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான் என்று நான்கு பெயர்கள் இருக்க, அவற்றை வெறும் 'காற்று' என்று எழுதினால், அன்றைக்கு ஏன் கடலுக்குப் போகவில்லை என்று அவர் சொல்லும் காரணமே காணாமல் போய்விடுகிறது.

என்னை அதிக நாள் பிடித்து வைத்திருந்தது கணியம். கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் உள்ள இடங்களைப் 'பார்' என்கிறார்கள். மீன் கூடும் இடம் அது. ஜிபிஎஸ் கருவி வருவதற்கு முன்னால், நீர்ப்பரப்பில் எந்த அடையாளமும் இல்லாத அந்த இடத்துக்கு மறுநாளும் மறுவருடமும் தவறாமல் போய்ச் சேரக் கரையைத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். தேவாலயக் கோபுரமும் அதன் பின்னால் உள்ள மலைமுகடும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் ஒரு கோடு; பக்கவாட்டில் ஒரு தென்னந்தோப்பும் வேறொரு குன்றும் பொருந்தினால் இன்னொரு கோடு; இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கட்டுமரத்துக்கு நேர் கீழே பார். இப்படிக் கரையைப் பொருத்திப் பார்த்து வைக்கும் குறிதான் கணியம். தன் குடும்பத்துப் பார்களுக்கான கணியங்களைத் தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்வார் என்று ஒரு முதியவர் சொன்னார். ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் அவர் இரண்டு கணியங்களைச் சொல்லிவிட்டு மூன்றாவதில் நிறுத்திக்கொண்டதும், "அது இருக்கட்டும்" என்று சிரித்ததும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவர் பேச்சில் 'மருந்துவாழ்மலை தாந்து போச்சு' என்று ஒரு தொடர் வந்தது. மலைச்சரிவைப் பற்றிச் சொல்கிறார் என்றே முதலில் நினைத்தேன். கரையை விட்டு விலக விலக, தாழ்வாக உள்ளவை முதலில் மறைந்து, பிறகு மலையும் அடியிலிருந்து மேலாக அமிழ்ந்துகொண்டே போகும். எவ்வளவு மலை மிச்சமிருக்கிறது என்பதை வைத்துத் தொலைவைக் கணக்கிடுவார்களாம். என் மாடியறையின் சன்னலைத் திறந்தால் சேர்வராயன் மலைதான். ஏற்காட்டுக்குப் போகும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு, ஒரு மலை தாழும் என்பது பிறந்தது முதல் தோன்றியதே இல்லை.

இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், கடலுக்குப் போகப் பணமும் விடுப்பும் இல்லாததால், மேட்டூருக்குப் போனேன். 2023ஆம் ஆண்டு, அணையின் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்திருந்த சமயம். முழுக்கொள்ளளவான 120 அடிக்கு நீர் நிற்கும்போது தெரியாத ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் பண்ணவாடி அருகே வெளியே நின்றன. 1934இல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது மூழ்கிய ஊர்களின் எச்சம் அவை. பரிசலில் வலை விடும் ஒருவரிடம், தண்ணீர் நிறைந்திருக்கும்போது இடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அந்தக் கரட்டையும் இந்தக் கரையையும் பார்த்துக்க வேண்டியதுதானுங்க அம்மணி. கோயில் எங்க இருக்குன்னு தெரியாம விட்டா வலை கிழிஞ்சுடும்" என்றார். அவருக்குக் கணியம் என்ற சொல் தெரியவில்லை. அங்கே மீனைத் தேடுவதற்கான குறி, இங்கே வலையைக் காப்பதற்கான குறி.

வலையைப் பற்றிய பதிவுகள் எனக்கு எளிதாக இருந்தன. அம்மாப்பேட்டையில் எங்கள் தாத்தா தறி வைத்திருந்தார். பருத்தி நூல் வலை இருந்த காலத்தில், இற்றுப்போகாமல் இருக்க மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து, கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் உலர்த்தியாக வேண்டும். நைலான் வந்ததும் அந்த உழைப்பு மிச்சமாயிற்று என்று ஆண்கள் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். வலை முடைந்து கூலி வாங்கிக்கொண்டிருந்த பெண்களோ, இயந்திரத்தில் பின்னிய வலை கடைக்கு வந்த நாளைப் பற்றியே பேசினார்கள். விசைத்தறி வந்த கதையை எங்கள் வீட்டில் பாட்டியும் தாத்தாவும் இதே போல இரண்டு கதையாகச் சொல்வார்கள்.

தொலைபேசி அழைப்புக்குப் பிறகு, நான் முடித்து அனுப்பிய கோப்புகளை எல்லாம் மறுபடி திறந்து 'பாடு' என்ற சொல்லைத் தேடினேன். பதினொரு இடங்களில் மீன்பாடு; குறிப்பைத் திருத்தினேன். இரண்டு இடங்களில் அது உண்மையாகவே துன்பம். மீதமிருந்த ஓரிடம், 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் கணவரை இழந்த பெண்ணின் பதிவு. ஆழ்கடலுக்குப் போன படகு திரும்பவில்லை என்று சொல்லி முடித்தபின் நாற்பது விநாடிகள் காற்று மட்டும் கேட்கிறது; விதிப்படி அந்த இடத்தில் 'இடைவெளி' என்று எழுத வேண்டும், நான் விநாடிக் கணக்கையும் சேர்த்து எழுதியிருந்தேன். அதன் பிறகு அவர், "இனி நமக்கு என்ன பாடு" என்கிறார். நான்கு முறை கேட்டேன். களத்தில் இருந்த பெண்ணையும் கேட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் தனக்கும் தெரியவில்லை என்றார். சுருக்கக் குறிப்பில் அந்த வரியை, பொருள் எதுவும் எழுதாமல், அவர் சொன்னபடியே சேர்த்து அனுப்பினேன்.