இலவச மென்பொருளுக்கு இன்வாய்ஸ் வாங்கிய அனுபவம்

கோவை கணபதியைச் சுற்றி, மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேசிங் தடுப்பானுக்கும் செல்போனில் இயங்கும் பம்ப் கன்ட்ரோலருக்கும் போர்டு வடிவமைத்துத் தரும் சிறு பட்டறைகள் பல இருக்கின்றன. அப்படியொரு பட்டறையில் நான் வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். எங்களுடையதும் நண்பர்களின் வேறு சில பட்டறைகளும் கூட்டாகச் சேர்ந்து, போர்டு வரைய நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கீகேட் என்னும் திறமூல (நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும், இலவசமான) மென்பொருளுக்கு 2025ஆம் ஆண்டு முதல் பணம் கட்டி வருகிறோம். கட்ட வேண்டும் என்று முடிவெடுப்பதைவிட, எடுத்த முடிவின்படி பணத்தை அனுப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. இதே எண்ணத்தில் இருக்கும் மற்ற பட்டறைக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

எங்களில் பெரும்பாலோர் போர்டு வரையும் இன்னொரு மென்பொருளான ஈகிளில் கை பழகியவர்கள். 2016இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. மறு ஆண்டே ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமம் போய்ச் சந்தா முறை வந்தது. 2026 ஜூன் 7ஆம் தேதியோடு ஈகிள் நிறுத்தப்படும் என்று 2023இல் அறிவிப்பும் வந்துவிட்டது. பல்லடம் பக்கத்துத் தோட்டத்தில் பத்து வருடத்துக்கு முன் மாட்டிய ஸ்டார்ட்டர் பெட்டி பழுதாகிக் கைக்கு வரும்போது, அந்தப் பழைய போர்டின் கோப்பு எங்களுக்குத் திறந்தாக வேண்டும். கோப்பு எங்கள் கணினியில் இருந்தும் அதைத் திறக்கும் சாவி வேறொருவரிடம் இருப்பது இந்தத் தொழிலுக்கு ஒத்துவராது. கீகேடின் கோப்புகளோ வெறும் எழுத்துக் கோப்புகள். திறக்கவும் ஒப்பிடவும் யாருடைய தயவும் தேவையில்லை.

பட்டறை முதலாளிகளில் மூத்தவரான அண்ணனிடம் பணப் பேச்சை எடுத்தபோது, "ஏந்தம்பி, சும்மா கெடைக்கறதுக்கு எதுக்குப் பணங் கட்டோணும்?" என்றார். நியாயமான கேள்விதான். ஜான்-பியர் ஷராஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1992இல் தொடங்கி வைத்த மென்பொருள் இது. பின்னர் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் தன் பொறியாளர்களைக் கொண்டு, ஒரு தடத்தை இழுத்தால் பக்கத்துத் தடங்கள் தாமாக விலகி வழிவிடும் ரூட்டர் என்ற தடம் வரையும் கருவியை எழுதிச் சேர்த்தது. 2019இல், திறமூலத் திட்டங்களுக்குத் துணைநிற்கும் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடைக்கீழ் வந்து, நன்கொடைகளை அதன் வழியாகப் பெறத் தொடங்கியது என்று வரலாற்றையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாரே தவிர, அசையவில்லை.

அவரை அசைத்தது க்ரீபேஜ் அளவுதான். 415 வோல்ட் மூன்று ஃபேஸ் வந்து இறங்கும் எங்கள் போர்டில், மின்பக்கத்துக்கும் கன்ட்ரோலர் பக்கத்துக்கும் இடையே போர்டின் மேற்பரப்பை ஒட்டி இவ்வளவு மில்லிமீட்டர் தூரம் இருந்தாக வேண்டும் என்று கணக்கு உண்டு; அந்தத் தூரம்தான் க்ரீபேஜ். மோட்டார் ரூமின் ஈரமும் புழுதியும், பெட்டிக்குள் குடிபுகும் எறும்பும் பல்லியும் அந்தத் தூரத்தைத்தான் முதலில் சோதிக்கும். தூரம் போதாத இடத்தில், இரு பக்கத்தையும் ஒளியால் இணைக்கும் ஆப்டோகப்ளருக்கு அடியில் போர்டில் நீளவாக்கில் பிளவு வெட்டுவோம். மின்சாரம் அந்தப் பிளவைச் சுற்றித்தான் ஊர்ந்து போக வேண்டும். அந்தச் சுற்றுவழியை அளக்க, படத்தை நான்கு மடங்கு பெரிதாக அச்செடுத்து, பிளவின் விளிம்பை ஒட்டித் தையல் நூலை வைத்து, பிறகு நூலை நீட்டி ஸ்கேலில் பார்ப்பது எங்கள் வழக்கம். 2025 பிப்ரவரியில் வந்த கீகேட் 9 இந்தச் சோதனையைத் தானே செய்கிறது. பழைய போர்டு ஒன்றை அதில் ஏற்றி, ரிலேயின் கால் ஓரத்தில் அது காட்டிய அம்புக்குறியை அண்ணனிடம் காண்பித்தேன். சற்று நேரம் திரையையே பார்த்தவர், "செரி, எவ்வளவு கட்டலாம்னு ஆடிட்டர்கிட்டப் பேசு" என்றார். அடுத்த கேள்வி உடனே வந்தது: திறமூலம் என்றால் நம்முடைய போர்டும் ஊருக்குப் பொதுவாகிவிடுமா? ஆகாது. கீகேடின் ஜிபிஎல் என்ற திறமூல உரிமம் மென்பொருளைத்தான் கட்டுப்படுத்தும். அதில் வரைந்த வடிவமைப்பு வரைந்தவருக்கே சொந்தம்.

ஆடிட்டரிடம் போனபோதுதான் வழி எவ்வளவு குறுகல் என்று புரிந்தது. வெளிநாட்டு அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கு வருமான வரியில் 80ஜி பிரிவின் விலக்குக் கிடையாது என்பதை எதிர்பார்த்தே போயிருந்தோம். ஆனால் நிறுவனத்தின் பெயரில் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்ப, அந்நியச் செலாவணி விதிகள் குறிப்பிட்ட சில நோக்கங்களை மட்டுமே ஏற்கின்றன. உச்சவரம்போ, முந்தைய 3 நிதியாண்டுகளில் ஈட்டிய அந்நியச் செலாவணியின் 1 விழுக்காட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சூலூருக்கும் அவினாசிக்கும் சரக்கு விற்கும் நாங்கள் ஈட்டிய டாலர் சுழியம். சுழியத்தின் 1 விழுக்காடும் சுழியமே. "நன்கொடைன்னு எழுதுனா வங்கியிலயே நின்னுரும்ங்க. சேவைக்குன்னு இன்வாய்ஸ் வாங்கீருங்க" என்றார் ஆடிட்டர்.

திறமூலத் திட்டங்களுக்குக் கட்டண ஆதரவு தரும் நிறுவனங்கள் உண்டு. பல நேரங்களில் அந்த மென்பொருளை எழுதுபவர்களே அவற்றை நடத்துகிறார்கள். அத்தகைய ஒன்றிடம் ஆண்டு ஆதரவு ஒப்பந்தத்துக்கு இன்வாய்ஸ் கேட்டோம். பட்டறைக்கு ஒன்று வீதம் கேட்டால் ஒவ்வொருவரும் தனித்தனியே காகிதம் சுமக்க வேண்டியிருக்கும் என்பதால், எங்கள் பட்டறையின் பெயரில் ஒரே இன்வாய்ஸாக வாங்கி, மற்றவர்களிடம் பங்கை ஜிஎஸ்டி பில்லோடு வசூலித்துக்கொண்டோம். இன்வாய்ஸில் நன்கொடை, ஸ்பான்சர் போன்ற சொல் எதுவும் வராமல் என்ன சேவை, எந்தக் காலத்துக்கு என்று தெளிவாக எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குவது முக்கியம். வங்கியில் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

அதற்குப் பிறகு வரிசையாகக் காகிதங்கள். அந்த நிறுவனம் தன் நாட்டில் வரி செலுத்துகிறது என்பதற்கான சான்று, அதோடு சேர்த்துத் தரும் படிவம் 10எஃப், இந்தியாவில் நிரந்தர அலுவலகம் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை அங்கிருந்து வர வேண்டியிருந்தது. வரி பிடிக்க வேண்டுமா கூடாதா என்பதை ஆடிட்டர் இவற்றைப் பார்த்துத்தான் சொல்வார். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 15சிஏ படிவத்தை நாங்கள் இணையத்தில் தாக்கல் செய்தோம். வரிக்கு உட்படும் தொகை நிதியாண்டில் 5 லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தால் ஆடிட்டர் தரும் 15சிபி சான்றிதழும் சேர்ந்திருக்கும். சேவை இறக்குமதி என்பதால் 18 விழுக்காடு ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாங்களே கட்டி, உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுத்துக்கொண்டோம். வங்கிக் கிளையில் மென்பொருளுக்கு ஒரு குறியீடா, ஆலோசனைக்கு ஒரு குறியீடா என்று மேசைக்கு மேசை அலையவிட்டார்கள். அதை விவரித்து வாசகரையும் அலைக்கழிக்க விரும்பவில்லை.

பணம் போய்ச் சேர்ந்ததும் அண்ணன், நாம் சொல்வதை முதலில் செய்வார்களா என்று கேட்டார். ஒப்பந்தத்தில் வாங்கியது மேம்பாட்டாளரின் நேரத்தை. எங்கள் குறையைப் பார்ப்பார்கள், திருத்தமும் எழுதித் தருவார்கள். ஆனால் அந்தத் திருத்தம் மூலநிரலில் சேர, மற்ற எவருடைய நிரலையும் போல மதிப்பாய்வைத் தாண்டியாக வேண்டும். காசு கொடுத்தவர் கேட்டதெல்லாம் உள்ளே போகும் மென்பொருளை நம்பி 415 வோல்ட் போர்டை நான் வரைய மாட்டேன்.

இதற்கிடையே எங்களுக்கென்று ஒரு சிறு திட்டமும் வளர்ந்துவிட்டது. உள்ளூர் கான்டாக்டர், கரன்ட் காயில், டெர்மினல் வகைகளின் ஃபுட்பிரிண்டுகளை, அதாவது பொருளின் கால்கள் போர்டில் அமரும் இடங்களின் வரைபடங்களை, தொகுத்துப் பொதுவில் வைத்திருக்கிறோம். கீகேடின் சொந்த நூலகத்துக்கு உள்ளது போலவே, பயன்படுத்துபவரின் போர்டைக் கட்டுப்படுத்தாத விதிவிலக்கோடு கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்தான் இதற்கும். ஒருவர் வரைந்ததை அவரே ஏற்கக் கூடாது. இன்னொரு பட்டறைக்காரர் உண்மை அளவில் அச்செடுத்து, பொருளின் கால்களைக் காகிதத்தில் குத்திப் பார்த்த பிறகே சேர்ப்போம். புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காது என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் மாறுகிறோம். முதன்மைப் பதிப்பு பிப்ரவரியை ஒட்டி வருகிறது. எங்களுக்கோ அது கோடைக்கால ஆர்டர் குவியும் நேரம். ஆகவே ஆடி பிறந்து வேலை தணிந்ததும் மாறுவது என்று வைத்துக்கொண்டோம், அதற்குள் முதல் திருத்தப் பதிப்புகளும் வந்துவிடும்.

பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024இல் தொடங்கிய ஃபிளாஸ் ஃபண்டுக்கு இந்தத் தொகுப்பை அனுப்பலாம் என்றும் பேசினோம். ஆண்டுக்கு 10 லட்சம் டாலரைத் திறமூலத் திட்டங்களுக்கு வழங்கும் நிதி அது. திட்டத்தின் தேவையையும் தொகையையும் ஒரு குறிப்பிட்ட வடிவக் கோப்பாக எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும். எழுதிப் பார்த்தோம். குறைந்தபட்ச உதவியே 10,000 டாலர். எங்களுக்குத் தேவைப்பட்டதோ, வரும் ஃபுட்பிரிண்டுகளைச் சரிபார்க்கும் ஒருவருக்கு மாதாமாதம் சில ஆயிரம் ரூபாய். விண்ணப்பிக்கவில்லை. டிப்ளமோ முடித்த பெண் ஒருவர் இப்போது பகுதிநேரமாக அந்த வேலையைப் பார்க்கிறார்; அவருடைய சம்பளமும் ஆதரவு ஒப்பந்தத்தின் அதே பங்குக் கணக்கில்தான் வருகிறது.

வரிச் சான்று ஆண்டுக்கு ஆண்டு புதிதாகத் தேவைப்படும். ஒப்பந்தம் முடியும் வரை காத்திராமல் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், புதுப்பிக்கும்போது வங்கியில் காத்திருக்க வேண்டியதில்லை.